தகட்டில் வெட்டின தெரு

சிவகாசியின் அச்சு வரலாற்றை எழுத வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாதையில்தான் நடந்திருக்கிறார்கள். 1923இல் இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக லித்தோ அச்சகம் வந்தது. லித்தோ போய் ஆப்செட் வந்தது. அப்புறம் காலண்டர், டைரி, பாடநூல், பட்டாசுப் பெட்டியில் மயில், சேவல். நேரு ‘குட்டி ஜப்பான்’ என்று பாராட்டினார் என்பதோடு வரலாறு முடிந்துபோகும். இந்த வரலாற்றில் முதலாளி உண்டு, இயந்திரம் உண்டு, உழைப்பால் உயர்ந்த கதை உண்டு. அட்டைப்பெட்டியைத் தூக்கினவன் இல்லை. அந்தப் பெட்டிமேல் எழுத்தை ஒற்றினவனும் இல்லை.

அந்தப் பெட்டிமேல் எழுத்தை ஒற்றியது ஒரு தகடு. அதற்கு இயந்திரம் வேண்டாம், கரண்டு வேண்டாம். எண்ணெய் டின்னை விரித்துத் தட்டின தகரம், ஒரு உளி, சின்னச் சுத்தியல், கொஞ்சம் பெயிண்ட் இருந்தால் போதும். தகரத்தில் எழுத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஓட்டை விழுந்த தகட்டைச் சாக்குமேலேயோ பெட்டிமேலேயோ செவுத்துமேலேயோ வைத்துத் துணிப்பந்தால் மை ஒற்ற வேண்டியதுதான். ஒரு தகட்டை வைத்து ஆயிரம் தடவை அதே எழுத்தை அதே அளவில் போடலாம். படித்தவர்கள் ஸ்டென்சில் என்பார்கள். எங்க பக்கம் தகடு என்றால் தெரியும். சரக்கு மூடையில் போட்டால் அதற்குப் பேர் மார்க்கு. தகரம் கிடைக்காதபோது மெழுகு தேய்த்த அட்டை, அதுவும் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட எக்ஸ்ரே பிலிம். யாரோ ஒருத்தருடைய நெஞ்செலும்பு தெரியும் பிலிமில் ‘கவனமாகக் கையாளவும்’ என்று நானே வெட்டியிருக்கிறேன்.

இப்போது எங்க பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இதே முறையில் தெருக்களைப் படமாக வெட்டிச் செவுத்தில் பதிக்கிறார்கள். பஜார், பஸ் ஸ்டாண்டு, குழாயடி என்று தினமும் கண்ணில் படுகிற இடங்கள். பார்க்கிறவர்கள், ‘இதெல்லாம் வெளிநாட்டுக் கலை, இவனுகளுக்கு எப்படித் தெரிஞ்சது’ என்று கேட்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போவதற்கு முன்னால் இந்த மாவட்டத்தில் தகடு என்னென்ன எழுதியிருக்கிறது, யார் பேரை எழுதியது, யார் பேரை எழுத விடவில்லை என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

அதற்குத் தொழிலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். தகட்டில் எழுத்தை வெட்டும்போது, சுற்றி மூடிய எழுத்தாக இருந்தால் நடுத் துண்டு கழன்று விழுந்துவிடும். விழாமல் இருக்க ஒரு சின்ன ஒட்டு விட வேண்டும். ஆங்கிலத்து ஓ-வுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டு இருப்பதைப் பெட்டிகளில் பார்த்திருப்பீர்கள். தமிழில் சுழியும் வளையமும் அதிகம். அ, க, த, ம, ழ எல்லாவற்றுக்கும் ஒட்டு வேண்டும். ப, ட, ர, ய போன்ற சில எழுத்துகள்தான் திறந்தே கிடப்பவை. ‘பட்டாசு’ என்று வெட்டினால் கடைசிச் ‘சு’ வரைக்கும் ஒட்டே தேவைப்படாது. அதாவது ‘பட்டா’ என்று மட்டும் எழுதுவதாக இருந்தால் உளி எங்கேயும் தயங்காமல் போகும். நம்ம சனத்துக்கு வாழ்நாளெல்லாம் கிடைக்காத ஒன்று தகட்டில் இவ்வளவு லேசாக வருகிறதே என்று சிரித்துக்கொள்வோம். ‘அம்பேத்கர்’ அப்படி வராது. ப-வையும் கடைசி ர்-ஐயும் விட்டால் மற்ற எழுத்துக்கெல்லாம் ஒட்டு விட்டாக வேண்டும். ஒரு ஒட்டு மெலிந்தால் பேர் சிதைந்துபோகும்.

விருதுநகரில் தகடு முதலில் ஏறியது சாக்கின்மேல். மிளகாய் வத்தல், மல்லி, பருத்தி, பயறு, எண்ணெய் என்று சுற்றுவட்டக் கரிசலில் விளைந்தது எல்லாம் இந்த ஊர்ப் பேட்டைக்கு வந்தது. இங்கிருந்து வெளியே போகிற ஒவ்வொரு மூடைக்கும் கடையின் மார்க்கு உண்டு. ரெண்டு எழுத்து, ஒரு வட்டம், இல்லாவிட்டால் ஒரு நட்சத்திரம். எந்த ஊர் ரயிலடியில் இறங்கினாலும் மார்க்கைப் பார்த்து இது இன்னார் சரக்கு என்று சொல்லிவிடலாம். ஊர்ப் பேரே அப்படி மாறினதுதான். விருதுப்பட்டியாக இருந்தது 1923இல் விருதுநகர் ஆனது. வியாபாரத்தில் தலையெடுத்த ஊர் தன் பேரிலிருந்து பட்டியை உதிர்த்துவிட்டு நகரைச் சேர்த்துக்கொண்டது.

இந்த வியாபாரிகளுக்கும் ஒரு பழைய காயம் உண்டு. அதைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. நாடார்களைக் கோயிலுக்குள்ளும் சில தெருக்களுக்குள்ளும் விடாத காலம் இருந்தது. கமுதிக் கோயிலுக்குள் 1897இல் நுழைந்ததற்காக அவர்கள் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899 ஜூனில் சிவகாசியில் கோயில் நுழைவுத் தகராறு பெரிய கலவரமாகி நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. ‘சிவகாசிக் கொள்ளை’ என்று கிழவர்கள் சொல்வது அதைத்தான். மறுக்கப்பட்ட தெருவுக்குப் பதிலாக அவர்கள் சொந்தத் தெருவைக் கட்டினார்கள். சொந்தப் பேட்டை, சொந்தக் கிணறு, வியாபாரத்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கும் மகமை, மகமைப் பணத்தில் பள்ளிக்கூடம். மூடைமேல் விழுந்த மார்க்கும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். தெருவில் நடக்க முடியாதவனின் பேர் மூடைமேல் ஏறி ஊர் ஊராய்ப் போனது.

ஆனால் அந்த மூடையைச் சுமந்தது யார்? எங்க சின்னய்யா ஒரு கிட்டங்கியில் முப்பது வருசம் மூடை தூக்கினவர். வேர்வையில் ஊறி முதுகில் மார்க்கு அப்படியே திருப்பிப் பதிந்திருக்கும். கண்ணாடியில் காட்டினால் நேராகப் படிக்கலாம். ‘என்னையும் சரக்குன்னு நெனச்சு ரயில்ல ஏத்திருவாங்கெ’ என்பார். கேலியாகச் சொல்வதா, மனசு விட்டுச் சொல்வதா என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியாது. ஒடுக்கப்பட்ட ஒரு சாதி மேலேறிய வரலாற்றை நாம் மதிக்கிறோம். அந்த ஏணியின் கீழ்ப்படி யார் தோள்மேல் இருந்தது என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

பட்டாசு ஆலைக்குள் தகடு வேறு வேலை செய்கிறது. வெடிபொருள் விதிகளின்படி ஒவ்வொரு அறையிலும் என்ன வேலை நடக்கலாம், எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று எழுதி வைக்க வேண்டும். ஒரே மாதிரி அறைகள் வரிசையாக இருப்பதால் தகடு வைத்து ஒற்றிவிடுவது சுலபம். ஒரு அறையின் ஆள் கணக்கு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவில் பெரிதாகத் தெரியும். மூடின 4-க்கு நடுவில் ஒரு முக்கோணத் துண்டு உண்டு. அதற்கும் ஒட்டு விட வேண்டும். ஒட்டு இல்லாமல் வெட்டினால் வெறும் கறுப்புப் பொட்டுதான் விழும்.

அந்த எண்ணை எழுதினவனுக்கும் தெரியும், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும், தணிக்கைக்கு வருகிறவர்களுக்கும் தெரியும், சீசன் நெருங்கினால் அது வெறும் பெயிண்ட் என்று. தீபாவளிக்கு முந்தின மாசங்களில் மரத்தடியிலும் அறைக்கு வெளியேயும் உட்கார வைத்து வேலை வாங்குவது இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிய செய்தி இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் வெடித்தபோது 38 பேர் செத்தார்கள். வேலை செய்தவர்கள் மட்டும் இல்லை, காப்பாற்ற ஓடினவர்களும் பார்க்க வந்தவர்களும் அந்த எண்ணிக்கையில் உண்டு. 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்திலும் அப்படி ஒரு வெடிப்பு. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விசாரணை அறிக்கை வரும். அனுமதித்ததைவிட அதிகம் பேர், அனுமதித்ததைவிட அதிகம் மருந்து என்று அதில் இருக்கும். கதவிலேயே எழுதியிருந்ததை அறிக்கை மறுபடியும் எழுதும்.

ஆலை வாசலில் இன்னொரு வாசகம் இருக்கும்: இங்கு குழந்தைத் தொழிலாளர்கள் வேலைக்கு வைக்கப்படுவதில்லை. இதுவும் சும்மா வந்ததில்லை. 1976இல் தீப்பெட்டி ஆலைக்கு விடியுமுன்னே பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன வண்டி விபத்துக்குள்ளாகி நிறையப் பிள்ளைகள் செத்த பிறகுதான் அரசாங்கம் விசாரணைக்குழு போட்டது. 1986இல் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், அபாயத் தொழிலில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வாசகம் வாசலுக்கு வந்து சேர அத்தனை காலம் பிடித்தது. தீப்பெட்டி ஆலைக்குப் போன பெண்பிள்ளைகளைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அறிக்கைகளைவிட இதே மாவட்டத்துப் பாமாவின் ‘சங்கதி’யைத்தான் எடுக்க வேண்டும். 1994இல் வந்தது. அதில் வரும் மாய்க்கண்ணி எங்க தெருவிலும் இருந்தாள். வீட்டுக்கு வீடு இருந்தாள்.

இனி பஸ்ஸுக்கு வருவோம். தெருவில் ஓடுகிற எழுத்துகளில் பெரிய எழுத்து பஸ்ஸில் இருப்பதுதான்.

பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் தனியார் பஸ்கள் நம்ம ஆட்களை ஏற்றாத காலம் ஒன்று இருந்தது. காசு கொடுத்தாலும் ஏற்றமாட்டான். 1920களின் கடைசியில் ஜில்லா போர்டுத் தலைவராக வந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். சுயமரியாதை இயக்கத்துக்காரர், நாடார் சமூகத்தவர். அவர் செய்ததை மறக்கக்கூடாது. அந்த உத்தரவு வந்து ஏறக்குறைய எழுபது வருசம் கழித்து, அதே மண்ணில், பஸ்ஸுக்குள் யார் உட்காரலாம் என்கிற சண்டை பஸ்ஸின்மேல் யார் பேர் இருக்கலாம் என்கிற சண்டையாக மறுபடி வந்தது.

அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு அப்போது பேர்கள் இருந்தன. சேரன், சோழன், பாண்டியன், பல்லவன் என்று ராஜாக்கள். கட்டபொம்மன், மருதுபாண்டியர், தீரன் சின்னமலை, ராணி மங்கம்மாள், நேசமணி, ஜீவா, தந்தை பெரியார் என்று மற்றவர்கள். மாவட்டங்களுக்கும் அப்படியே. 1985இல் ராமநாதபுரத்தைப் பிரித்தபோது எங்க மாவட்டம் காமராசர் மாவட்டம் ஆனது, இன்னொன்று பசும்பொன் முத்துராமலிங்கம் பேரில் வந்தது. ஒவ்வொரு சாதியும் தன் பேர் பஸ்ஸில் வருவதையும் மாவட்டப் பலகையில் வருவதையும் பெருமையாக எண்ணிக்கொண்டது. எங்க தெருப் பிள்ளைகள் ரோட்டோரம் நின்று போகிற வருகிற பஸ்ஸின் பேரைப் படித்துத்தான் எழுத்துக்கூட்டக் கற்றார்கள். அத்தனை பேரில் நம்ம பேர் எது என்று ஒரு பிள்ளை கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

1997இல் பதில் வந்தது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய போக்குவரத்துக் கழகம் அமைத்து அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தார்கள். ஓட்டப்பிடாரம் பக்கம் கவர்னகிரியைச் சேர்ந்தவர், தேவேந்திரர், கட்டபொம்மனின் படைத்தளபதி, 1799இல் கும்பினிக்காரனோடு நடந்த சண்டையில் உயிர் கொடுத்தவர். வெள்ளையனின் வெடிமருந்துக் கிடங்குக்குள் தீயோடு பாய்ந்து கிடங்கையும் தன்னையும் சேர்த்து எரித்துக்கொண்டார் என்பது எங்க பக்கத்து வாய்வழக்கு. வெடிமருந்தை வைத்துப் பிழைக்கிற மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்குமா என்று அப்போது ஒருத்தர் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டாலும் கேள்வி சரியானது.

பணிமனையில் நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு எழுத வேண்டியிருக்கும்போது தகடுதான் கைகொடுக்கும். சீட்டு நம்பர், ‘மகளிர்’, ‘அவசர வழி’, பக்கவாட்டில் கழகத்தின் பேர். பழைய பேரை அழித்து நிறம் பூசி, காய்ந்த பிறகு புதுத் தகட்டை ஒட்டி வைத்து ஒற்றுவார்கள். ‘வீரன் சுந்தரலிங்கம்’ நீளமான பேர். சுழி நிறைந்த பேர். அந்தப் பேரோடு முதல் பஸ் எங்க ஊர் விலக்கில் வந்து நின்றபோது ஏறாமல் சுற்றி வந்து பார்த்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு கிழவி விரலால் தடவிப் பார்த்தாள். பெயிண்ட் விரலில் ஒட்டவில்லை, காய்ந்திருந்தது.

ஆதிக்க சாதியினர் அந்த பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். ஒரு பள்ளன் பேர் எழுதின வண்டியில் எப்படிப் போவது என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். சேரன் யார், சோழன் யார், அவர்கள் எந்தச் சாதி என்று ஒரு நாளும் கேட்காதவர்கள் அவர்கள். பஸ் கண்ணாடி உடைந்தது, மறியல் நடந்தது, அப்புறம் கலவரம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி என்று மேற்குப் பக்கம் முழுக்கத் தீ பரவியது, ரெண்டு பக்கமும் உயிர்கள் போயின. கடைசியில் அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தது: ஒரு பேரை எதிர்த்தால் எல்லாப் பேரையும் எடுத்துவிடுவது. அந்த ஆண்டே போக்குவரத்துக் கழகங்களில் இருந்தும் மாவட்டங்களில் இருந்தும் தலைவர்கள் பேர்கள் நீங்கின. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது. பஸ்கள் எல்லாம் தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பேருக்குள் போயின.

நடுநிலையான தீர்வு என்று இதை இன்றைக்கும் பாராட்டுகிறவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். சேரனும் சோழனும் பஸ்ஸில் கால் நூற்றாண்டு ஓடினார்கள். சுந்தரலிங்கம் ஓடியது சில வாரங்கள். இருபத்தைந்து வருசம் ஓடினவனையும் சில வாரம் ஓடினவனையும் ஒரே நாளில் இறக்கிவிட்டு, ரெண்டு பேருக்கும் சமநீதி செய்தோம் என்றார்கள். தாழ்த்தப்பட்டவன் தட்டில் சோறு விழுந்தவுடன் பந்தியையே கலைத்துவிடுவது என்கிற பழைய ஊர் நியாயம் இது. இலை மாத்திரம் மாறியிருந்தது.

அழித்தது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். மேலே பூசிய நிறம் மெலிசாக இருந்த வண்டிகளில் பழைய எழுத்து அடியில் தெரிந்துகொண்டே இருந்தது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது ‘லிங்’ என்கிற இடம் மட்டும் மேடாகத் தெரியும். அந்த வண்டி எங்க ரூட்டில் ஓடின வரைக்கும் நாங்கள் அதை அந்தப் பேரால்தான் சொன்னோம். ‘சுந்தரலிங்கம் போயிருச்சா?’ என்றால் ஆறரை மணி பஸ் போய்விட்டதா என்று அர்த்தம்.

தகடு என்றதும் தகரத்தை மட்டும் நினைக்கக்கூடாது. சைக்ளோஸ்டைலும் தகடுதான். டேவிட் கெஸ்டெட்னர் 1881இல் லண்டனில் செய்த வேலை இதே சூட்சுமம்: மெழுகுத் தாளில் எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும், அந்த வழியாக மை இறங்கும். நம்ம துண்டறிக்கைகள், சங்கத் தீர்மானங்கள், உண்மை அறியும் குழு அறிக்கைகள் பல அப்படி உருட்டி எடுத்தவைதான். சிவகாசியில் ஆப்செட் இயந்திரங்கள் லட்சக்கணக்கில் சாமி படக் காலண்டர் அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து ஊரில் மெழுகுத் தாளில் ஊசியால் கீறிக்கொண்டிருந்தோம். நூறு பிரதிக்குமேல் போனால் எழுத்து கலங்கும். கலங்கின எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்த சனம் நாம்.

செவுத்துக்கு நம்ம தகடு பரவலாக வந்தது அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி, 1990, 91இல். அதுவரைக்கும் செவுரு கட்சிகளுடையது. இன்ன வருசம் வரைக்கும் எங்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று எழுதிப் பிடித்து வைத்திருப்பார்கள். ஓவியர் கூலி கொடுக்க நம்மிடம் காசு கிடையாது. அதனால் தகடு. முகத்தை வெட்டுவது எழுத்தை வெட்டுவதைவிடக் கஷ்டம். அம்பேத்கர் முகத்தில் பிடிமானம் மூக்குக் கண்ணாடிதான். கண்ணாடியின் ரெண்டு வட்டத்தையும் புருவத்தோடு ஒட்டவிட்டால் முகம் நிற்கும். ஒட்டு விடாமல் வெட்டினால் கண்ணாடி கழன்று, வேறு யாரோ ஒரு கனத்த மனிதர் தெரிவார். கோட்டுக்கு நீலத் தகடு தனி, முடிக்கும் கண்ணாடிக்கும் கறுப்புத் தகடு தனி. ரெண்டையும் ஒரே இடத்தில் பொருத்த மூலையில் ஆணித்துளை. ராத்திரி ரெண்டு பேர் போனால் விடிவதற்குள் ஒரு தெரு முடியும்.

செவுத்தில் எழுதுவதைத் தடுக்க 1959ஆம் வருசத்துச் சட்டம் இருக்கிறது. பொது இடத்தின் தோற்றத்தைக் கெடுக்கக்கூடாது என்கிற சட்டம். கட்சிக்காரன் எழுதினால் தேர்தல், நாம் எழுதினால் தோற்றக்கேடு. ஆனால் சட்டத்தைவிடப் பயப்பட வேண்டியது வேறு. 2011 செப்டம்பரில், இம்மானுவேல் சேகரன் நினைவு நாளுக்கு ரெண்டு நாள் முன்னால், கமுதிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு தலித் பையனை வெட்டிக் கொன்றார்கள். முத்துராமலிங்கத் தேவரை இழிவுபடுத்திச் செவுத்தில் எழுதினதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அரசாங்கம் சட்டமன்றத்திலேயே செவுரெழுத்துக் கதையைச் சொன்னது. அதை யார் எழுதினார்கள் என்பதையே நேரில் போய் விசாரித்த உண்மை அறியும் குழுக்கள் கேள்வி கேட்டன. செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் போலீஸ் சுட்டதில் மேலும் உயிர்கள் போயின. ஒரு செவுரு, அதில் சில வார்த்தைகள், எழுதினவன் யார் என்று தெரியாது, செத்தவன் யார் என்று தெரியும். இந்த வட்டாரத்தில் பிரஷ்ஷோ தகடோ எடுத்துக்கொண்டு ராத்திரி வெளியே போகிற பிள்ளைகளின் ஆத்தாமார் எதற்குத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இதைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

இந்த வரலாற்றை முதுகில் வைத்துக்கொண்டுதான் இன்றைய பிள்ளைகள் தெருவை வெட்டுகிறார்கள். வெளிநாட்டைப் பற்றியும் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பாரிஸில் பிளெக் லெ ரா என்பவர் 1981இல் தகடு வைத்து எலிகளை ஊர் முழுக்கப் பதித்தார். இங்கிலாந்தின் பேங்ஸி பின்னால் அந்த வழியில் வந்தவர். போனில் எல்லாம் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருத்தனுக்குப் பிடித்தது ரெண்டுமில்லை. அர்ஜெண்டினாவில் ராணுவ ஆட்சி பிடித்துக்கொண்டுபோய்க் காணாமலாக்கின ஆயிரக்கணக்கானவர்களுக்காக 1983 செப்டம்பரில் பியூனஸ் அயர்ஸ் நகரத்தில் சனங்கள் கூடி ஆளுயர உருவங்களைத் தாளில் வரைந்து தெருச் செவுரெல்லாம் ஒட்டினார்கள். முகம் கிடையாது, பேர் கிடையாது, வெளிக்கோடு மட்டும். இதைக் கேட்டுவிட்டு அவன் கேட்டான்: ‘அண்ணே, முதலிப்பட்டிக்கு முப்பத்தெட்டு வெட்டணும்னா எத்தன தகடு வேணும்?’ ஒன்று போதும் என்றேன். இல்லை, ஆம்பளை பொம்பளை ரெண்டு உண்டு, பிடித்து நிற்கிறவன் ஓடுகிறவன் உண்டு, அஞ்சாவது வேணும் என்றான். அவன் சொன்னதுதான் சரி.

தெருவைத் தகட்டில் எப்படி வெட்டுவது? முதலில் எல்லோரும் வெட்டுவது பஜார்தான். விருதுநகர்த் தெப்பக்குளம், அதைச் சுற்றிக் கடைகள், மாரியம்மன் கோயில். சிவகாசி என்றால் பத்ரகாளியம்மன் கோபுரம். கோபுரம் தகட்டுக்கென்றே பிறந்தது போல இருக்கும். அடுக்கடுக்காக வெட்டினால் அடுக்குகளுக்கு நடுவில் தகரம் தானாக ஒட்டாக நிற்கும். பார்ப்பவனும் உடனே ‘அட, நம்ம ஊரு’ என்பான். ஆனால் நமக்குத் தெரிந்த தெரு அது மட்டுமா? எங்க தெருவை வெட்டச் சொன்னபோது பிள்ளைகள் திகைத்தார்கள். கோபுரம் இல்லை, மண்டபம் இல்லை. நீளத்துக்குத் தகர வீடு, காலனி வீடு, ஒரு குழாயடி, பிளாஸ்டிக் குடங்களின் வரிசை, கொடிக்கம்பம், ஒரு வேப்பமரம். வரைந்து பார்த்தால் எந்த ஊர்க் காலனியாகவும் இருக்கலாம். பிறகு ஒரு பெண்பிள்ளைதான் வழி கண்டுபிடித்தாள். அவள் வெட்டினது விடியக்காலம் ஆலை வேன் வந்து நிற்கும் இடத்தை. வேனின் பின்கதவு திறந்திருக்கும். தூக்குவாளியோடு ஒரு வரிசை. வாளியின் வளையம் ஒவ்வொன்றுக்கும் ஒட்டு. நிறம் போட வந்தபோது கறுப்பும் சிவப்பும் வேண்டாம் என்று சொல்லி அலுமினியப் பெயிண்டை எடுத்தாள். மருந்து அறையில் வேலை பார்க்கிறவர்கள் சாயங்காலம் வரும்போது கையும் காதோரமும் அந்த நிறத்தில்தான் இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் தங்கிவிடும். அந்தப் படத்தைப் பார்த்து யாரும் இது எந்த ஊர் என்று கேட்கவில்லை.

குடத்து வரிசையை வெட்டும்போது இன்னொன்று தெரிந்தது. தகட்டில் வெட்டி எடுத்த இடத்தில்தான் நிறம் விழும். விட்ட இடம் செவுரின் நிறமாகவே நிற்கும். ஆகவே எதை விடுவது என்பதுதான் பெரிய வேலை. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கும் வெறும் பொட்டலை ஒருத்தன் வெட்டவே இல்லை. இந்தப் பக்கம் ஓட்டு வீடுகள், அந்தப் பக்கம் காலனி, நடுவில் ஒரு முழத்துக்குச் செவுரு மட்டும். தகட்டில் அந்த இடம்தான் மிகவும் பலமான இடம். முழுத் தகரம். தகடு வளையாமல் பிடித்து நிறுத்துவது அதுதான்.

பழைய தகடுகள் எங்கே போயின என்று தேடிக்கொண்டிருக்கிறோம். சாக்கு மார்க்குப் போட்ட தகடுகள் கிட்டங்கி இடிக்கும்போது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. கடைக்காரர் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறார். பெட்டிமேல் இப்போது ஆப்செட்டில் அடித்த அட்டையே வந்துவிடுவதால் அங்கேயும் தகடு இல்லை. பணிமனைகளில் 1997இல் வெட்டின பேர்த் தகடு ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா என்று ஓய்வுபெற்ற பெயிண்டர்களைக் கேட்டு வருகிறேன். ஒருத்தர், பாதி நெளிந்துபோன தகடு ஒன்றை வீட்டுக் கூரையில் ஒழுகலுக்கு அடைத்திருப்பதாகச் சொன்னார். மழைக்காலம் முடிந்து எடுத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். உங்கள் ஊரில் அப்படி எதுவும் இருந்தால் துரு சுரண்டாமல், தகட்டை வளைக்காமல், ஒரு தாளில் மையொற்றி இதழுக்கு அனுப்புங்கள். பெயிண்ட் ஏறி ஓட்டை அடைத்திருந்தால் மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுப் பாருங்கள். உளி வைக்காதீர்கள், ஒட்டு அறுந்துபோகும்.